பதினாறு வருஷம் பாடம் நடத்திய பிறகு மறுபடி படிக்கப் போவது எப்படி: பணியில் இருக்கும் ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

மாலாவிடம் 24 கோலிகள் உள்ளன. இது செல்வியிடம் உள்ளதைவிட 7 அதிகம். செல்வியிடம் எத்தனை கோலிகள் உள்ளன?

ஆறாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 31 என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். கூட்டலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் விடை 17. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருஷம் கணக்கு நடத்திய நான், இதைக் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டே இருந்தேன். அப்புறம் கல்வியியலில் எம்.ஏ. சேர்ந்து, ஆய்வேட்டுக்காக அதே பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச விட்டபோது ஒரு பையன் சொன்னான்: "நீங்கதான மிஸ் சொன்னீங்க, அதிகம்னு வந்தா கூட்டணும்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன். வருஷா வருஷம் சொன்னேன். கரும்பலகை ஓரத்தில் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.

பத்துப் பதினைந்து வருஷம் வகுப்பில் நின்ற ஒருவர் மேற்படிப்புக்குப் போவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். புதுசாக ஏதோ கற்றுக்கொண்டேன் என்பதைவிட, நன்றாகச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத் தப்பு என்று பார்க்க முடிந்தது. ஆனால் இது தானாக நடக்காது. பட்டம் வாங்கிய பிறகும் அதே கட்டத்தைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். எந்த வரிசையில் எதைச் செய்தால் படிப்பு வகுப்பறைக்குள் வரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தனியார் பள்ளிக்காரர்கள் அலுவலகச் சமாச்சாரங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

எல்லோரும் தொடங்குவது எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம், எப்போது கடைசித் தேதி என்ற இடத்தில். அதை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, தினமும் பள்ளி விட்டதும் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எந்தப் பிள்ளை செய்த எது எனக்குப் புரியவில்லை? அந்தப் பிள்ளை என்ன சொன்னது, அதன் வாய்ச் சொல்லிலேயே?

'மாணவர்களிடம் அடிப்படைத் திறன் குறைவு' என்று எழுதினால் அந்த நாள் வீண். பயிற்சிக் கூட்டத்தில் பேசிப் பேசித் தேய்ந்த வாக்கியம் அது, அதை வைத்துக்கொண்டு எதையும் ஆராய முடியாது. 'பின்னத்தில் கீழே இருக்கும் எண் பெரிதாக இருந்தால் பின்னமும் பெரிது என்கிறாள்' என்று எழுதினால் அது சரக்கு. தமிழ் நடத்தும் ஒரு தோழியின் நோட்டில் இருந்தது இது: ஒரு பிள்ளை பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறது, 'யார் ஊருக்குப் போனது?' என்று கேட்டால் முழிக்கிறது. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஒருவர் எழுதியது: செயலியில் ஒரு நிலையைத் தாண்டிவிட்டதாகக் காட்டும் பிள்ளை, அதே சொல்லைச் சுவரில் எழுதினால் படிப்பதில்லை.

மாதக் கடைசியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வருவதை வட்டம் போடுங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டே சோதனை. அடுத்த வாரமே உங்கள் வகுப்பில் அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? அதற்கு விடை உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? இரண்டாவதுதான் கஷ்டம். நம்மில் பாதிப் பேர் விடையை முடிவு செய்து வைத்துக்கொண்டு அதை நிரூபிக்கத்தான் ஆய்வுக்குப் போகிறோம்.

பணமா, பதவியா, படிப்பா

இதை வீட்டில் பேசும்போது உண்மையாகப் பேசிவிடுங்கள். உயர்கல்விக்கு இரண்டு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்த காலத்தில் படித்த மூத்தவர்கள் சொல்வதை வைத்து இன்று கணக்குப் போடக் கூடாது. அந்த முறையைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பிறகு வந்தது ஒருமுறை மட்டும் தரும் தொகை. மாதச் சம்பளத்தில் ஏறி ஓய்வூதியம் வரைக்கும் கூட வருவதற்கும், ஒரு தடவை கையில் வந்து தீபாவளிக்குள் காலியாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பாருங்கள்.

பதவி உயர்வுதான் நோக்கம் என்றால், அதில் தப்பே இல்லை, ஆனால் பாதை வேறு. பட்டதாரி ஆசிரியர் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் பாடத்தில் முதுகலை வேண்டும், அதாவது கணக்கில் எம்.எஸ்சி., தமிழில் எம்.ஏ. என்று. கல்வியியல் எம்.ஏ. அங்கே உதவாது. இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருப்பது பாதுகாப்பு. சேம் மேஜர் (இரண்டும் ஒரே பாடம்), கிராஸ் மேஜர் (வெவ்வேறு பாடம்) தகராறில் முன்னுரிமைப் பட்டியலில் பின்னால் போனவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருப்பார்கள், அவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் ஓய்வு வரை வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களுக்கும் அது வேண்டும். நீங்கள் அந்த வளையத்துக்குள் இருந்தால் மேற்படிப்பு விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு டெட் புத்தகத்தைத் திறங்கள். இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்கிறேன் என்று கிளம்பிய ஒருவர் இரண்டையும் கோட்டை விட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எந்தப் படிப்பு

இங்கே ஐந்து கதவுகள் இருக்கின்றன, ஒன்று மூடியாகிவிட்டது.

மூடியது எம்.ஃபில்., முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் இருந்த ஆய்வுப் படிப்பு. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 முனைவர் பட்ட விதிமுறைகளோடு அது முடிந்தது. இப்போதும் யாராவது எம்.ஃபில். சேர்க்கை என்று துண்டுச்சீட்டு கொடுத்தால் வாங்கி மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுங்கள்.

பாடத்தில் முதுகலை அஞ்சல் வழியில் தாராளமாகக் கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் இருக்கிறது, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 1985-இல் வந்தது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இன் சட்டத்தால் உருவானது. பாட அறிவு துருப்பிடித்துவிட்டது என்று தோன்றினால் இது நல்ல வழி. ஆனால் கற்பித்தலைப் பற்றி இதில் ஒன்றும் வராது.

கல்வியியலில் எம்.ஏ. என்பதுதான் நான் எடுத்தது. இக்னோவில் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும், தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு மாதம், நாம் கேள்வித்தாள் கட்டோடு அலையும் மாதம். இதைச் சேரும் முன்பே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எம்.எட். பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு அது இரண்டு வருஷப் படிப்பு. அந்த விதிமுறைகளில் தொலைநிலை பி.எட்.டுக்கு இடம் உண்டு, தொலைநிலை எம்.எட்.டுக்கு இல்லை. வகுப்புக்கு 80 சதவீதம், களப்பணிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். வருஷத்துக்கு 200 வேலை நாள். சரி, அரசுப் பள்ளியில் தினமும் கையெழுத்துப் போடும் ஒருவர் இதை எப்படி முடிக்க முடியும்? விடுப்பு எடுக்காமல் முடிக்கவே முடியாது. ஆனாலும் 'மாதம் ஒரு தடவை வந்து போனால் போதும் டீச்சர், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. எனக்கே ஒரு இடத்தில் அப்படிச் சொன்னார்கள், வருகைப் பதிவேட்டுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஒரே நாளில் இரண்டு இடத்தில் வருகை இருப்பது தணிக்கையில் தெரிந்தால் போவது பட்டம் மட்டுமல்ல, வேலைக்கும் ஆபத்து. அதைவிட இன்னொன்று, வகுப்புக்கே போகாமல் வாங்கிய பட்டத்தோடு, வகுப்புக்கு வராத பையனிடம் என்ன முகத்தோடு கேள்வி கேட்பது?

எம்.எட். நிஜமாகவே வேண்டும் என்றால் சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்துச் செலவுக் கணக்குப் போடுங்கள், முடியும் என்றால் போங்கள். முழுநேரமாகப் படித்தவர்கள் கிடைத்த நேரத்தைப் பற்றிப் பொறாமைப்படும்படி பேசுகிறார்கள்.

கடைசிக் கதவு முனைவர் பட்டம். அதைப் பின்னால் பேசுகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும் இப்போதே: கல்வியியல் ஆய்வுக்குச் சில பல்கலைக்கழகங்கள் எம்.எட்.தான் கேட்கும், எம்.ஏ. போதாது என்பார்கள். பின்னாளில் ஆய்வு செய்யும் எண்ணம் இருந்தால், எம்.ஏ.வில் சேரும் முன்பே அங்கே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலகக் காகிதங்கள்

சலிப்பான பகுதி, ஆனால் இங்கே சறுக்கினால் எல்லாமே வீண். அரசுப் பணியில் இருப்பவர் உயர்கல்வி படிக்க முன் அனுமதி வாங்க வேண்டும். முன் என்றால் முன். சேர்ந்துவிட்டு அனுமதிக்கு எழுதினால் 'பின்னேற்பு', அதாவது நடந்து முடிந்ததற்கு ஒப்புதல், கேட்டு வருஷக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் வழியாக உரிய அலுவலருக்கு விண்ணப்பம், நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் முத்திரையும். அந்த நகலை லேமினேட் செய்தாலும் தப்பில்லை.

சேரும் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த வருஷத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி என்ற அந்தப் பிரிவின் பதிவு எண் வேண்டும், அதற்கு முன்னால் ஏ.பி.சி. ஐடி, அதாவது படிப்பு வரவுகளைச் சேமிக்கும் கணக்கின் எண். ஆதாரில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் முன்னெழுத்துச் சண்டை போடுபவையாக இருந்தால் (நம்மில் யாருக்குத்தான் இல்லை?) இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு அல்ல.

நேரம் எங்கிருந்து வரும்

'அதிகாலையில் எழுந்து படியுங்கள்' என்று எழுதுபவர்களுக்குச் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா என்று சந்தேகம் வரும். காலை நான்கரைக்கு எழுந்து எனக்குப் படிப்பு ஏறவில்லை, தூக்கம்தான் கெட்டது. எனக்கு வேலை செய்தது வேறு. வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஒன்றே கால் மணி நேரம் வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிடுவேன். பேருந்து இரண்டு தள்ளிப் பிடிப்பேன். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிய பிறகு படிப்பு நடக்காது என்பது என் அனுபவம்.

அந்த மூன்று நாள் ராத்திரிச் சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு. முதல் மாதம் உப்புமா, இரண்டாம் மாதமும் உப்புமா, மூன்றாம் மாதம் மாமியாரே பரிதாபப்பட்டுக் குழம்பு வைக்கத் தொடங்கினார். வெளிப்படையாகக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், தியாகியாக நடித்தால் இரண்டாம் பருவத்தில் வெடிக்கும்.

வருஷத்தைப் பாருங்கள். ஜூனில் எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றுவது), சேர்க்கை, இலவசப் புத்தகம். செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில் அரையாண்டு. தேர்தல் வந்தால் அந்த மாதமே இல்லை. ஆக, கனமான வாசிப்பை மே மாதத்திலும், ஒப்படைப்புகளை ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் செய்யும் ஆய்வுக்கு ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் நல்ல காலம். பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள், தேர்வுப் பயமும் இருக்காது.

மறுபடி வாசிக்கப் பழகுவது

முதல் ஒப்படைப்பை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்ததெல்லாம் பாடக்குறிப்பு நடைதான். நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி, மதிப்பீடு. மற்றவர்களுக்கு விளக்கியே பழகியவருக்கு 'எனக்கு இதில் இந்த இடம் சந்தேகம்' என்று எழுத வராது. அதுதான் முதலில் உடைய வேண்டியது.

வாசிப்புக்கு வருவோம். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து அகராதியோடு மல்லுக்கட்டினால் மூன்றாவது பக்கத்தில் விட்டுவிடுவீர்கள். சுருக்கத்தைப் படியுங்கள், அப்புறம் நேராக முடிவுகள் இருக்கும் அட்டவணைக்குப் போங்கள், அந்த அட்டவணையை உங்கள் வகுப்புப் பெயர்ப் பட்டியல் மாதிரி வாசியுங்கள்: யார், எத்தனை பேர், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள். அப்புறம்தான் நடுவில் இருப்பது. ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை, அதில் தமிழில் ஐந்து வரி, கடைசி வரி எப்போதும் 'என் வகுப்பில் இது பொருந்துமா?'

எங்கே தேடுவது? இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. நாலைந்து ஆய்வேட்டைத் திறந்து பார்த்தால் தைரியம் வரும், ஏனென்றால் சில மிக நன்றாகவும், சில 'இதற்கா பட்டம்' என்னும்படியும் இருக்கும். புத்தகமாகப் பார்க்க வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தெற்கே இருப்பவர்களுக்கு 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆளின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடும், நானும் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

சொந்த வகுப்பில் ஆய்வு

இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நெறியாளர் சொன்னார் என்று பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு 200 வினாநிரல் கொடுத்து, 'மனப்பான்மை' அளந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை, நகரத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு இல்லை என்று முடிக்கும் ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. செய்தவருக்கே ஒன்றும் மிஞ்சாது. நோட்டில் வட்டம் போட்ட கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்குச் செயலாய்வு என்று பெயர். சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1940-களில் கொடுத்த பெயர், 1950-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளி ஆசிரியர்கள் கைக்குக் கொண்டுவந்தார்.

என் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கோலிக் கணக்கில் பிள்ளை எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1977-இல் சொன்ன முறை ஒன்று இருக்கிறது. வார்த்தைக் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும். நான் கேட்ட பாணியிலேயே தருகிறேன்: "இந்தக் கணக்கைப் படிச்சுக் காட்டு. என்ன கேட்டிருக்காங்க? எப்படிக் கண்டுபிடிக்கப் போறே? இப்ப போட்டுக் காட்டு, போடும்போதே சொல்லிக்கிட்டே போடு. கடைசியா விடையை முழுசா எழுது." வாசிப்பு, புரிதல், கணக்காக மாற்றுவது, செய்முறை, விடை எழுதுவது. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரிய வேலை. பிள்ளை இரண்டாம் கேள்வியில் தடுமாறும்போது, பதினாறு வருஷப் பழக்கம், நம் வாய் தானாகத் திறந்து 'யாருகிட்ட அதிகமா இருக்கு, யோசி' என்று எடுத்துக்கொடுத்துவிடும். முதல் ஆறு பேரோடு நான் பேசியதைக் குரல்பதிவில் கேட்டபோது பாதிக்கு மேல் என் குரல்தான் இருந்தது. அந்த ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

தெரிந்தது என்னவென்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலில் சிக்கல் இல்லை. 'இது' என்ற சுட்டு மாலாவின் கோலிகளைக் குறிக்கிறது என்பதிலும், 'உள்ளதைவிட' என்ற சொல்லிலும்தான் விழுகிறார்கள். 'அதிகம்' என்ற சொல் கண்ணில் பட்டதும் மற்ற சொற்கள் எல்லாம் அவர்களுக்கு மறைந்துபோகின்றன. இதே விஷயத்தை, ஒப்பிடும் சொல்லும் செய்ய வேண்டிய செயலும் எதிரெதிராக இருக்கும்போது பிழை கூடுகிறது என்று லூயிஸ், மேயர் என்ற இருவர் 1987-லேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நான் தனியாகப் பட்ட பாட்டுக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புறம் மாற்று. கரும்பலகைக் கட்டத்தை அழித்தேன். சிங்கப்பூரில் 1980-களில் பாடநூலுக்குள் வந்த பட்டைப் படத்தை எடுத்துக்கொண்டேன். கணக்கைப் படித்ததும் எண்ணைத் தொடாமல் இரண்டு பட்டை வரைய வேண்டும், யாருடையது நீளம்? மாலாவின் பட்டை நீளம், செல்வியின் பட்டை குட்டை. வரைந்துவிட்டால் 31 என்று எழுதக் கை வராது. ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று பாடவேளை.

நீங்கள் செய்யும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. முன் தேர்வையும் பின் தேர்வையும் ஒரே அமைப்பில், எண்களும் பெயர்களும் மட்டும் மாற்றித் தயாரியுங்கள். பின் தேர்வு எளிதாகிவிட்டால் முன்னேற்றம் எல்லாம் பொய். ஒரு பிரிவுக்கு மட்டும் புது முறை, இன்னொரு பிரிவுக்குப் பழைய முறை என்று ஒப்பிடச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் ஆய்வு முடிந்ததும் அந்த இன்னொரு பிரிவுக்கும் அதே பாடத்தை நடத்திக் கொடுத்துவிடுங்கள், அவர்களும் உங்கள் பிள்ளைகள்தான். முப்பது பேர் வகுப்பில் டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டு 0.05 அளவில் பொருளுடையது என்று எழுதிவிட்டு, அதைத் தமிழ்நாடு முழுவதற்கும் நீட்டாதீர்கள். தேறாத நான்கு பிள்ளைகளைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதுங்கள், வாய்மொழித் தேர்வில் என்னிடம் அதிக நேரம் கேட்டது அவர்களைப் பற்றித்தான்.

தலைமையாசிரியரின் எழுத்து மூல அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் இரண்டும் வேண்டும். பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நேரில் சொல்லிவிடுங்கள். 'மதிப்பெண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, வேண்டாம்னா வேண்டாம்' என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீச்சர் கேட்டால் நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஆய்வேட்டில் பிள்ளைகளின் பெயர் வரக் கூடாது. குரல்பதிவு போதும், முகம் தெரியும் வீடியோ வேண்டாம்.

எழுதுவது

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு மாற்றினால் ணகரமும் னகரமும் இடம் மாறி, மேற்கோள் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை பழகப் பத்து நாள் போதும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி 10 சதவீதம் வரை இருக்கலாம் என்பது யு.ஜி.சி.யின் 2018 விதி. 40-ஐத் தாண்டினால் ஒரு வருஷம் சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே போய்விடும். பல்கலைக்கழக வாசல் தட்டச்சுக் கடைகளில் 'ஆய்வேடு முடித்துத் தரப்படும்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு வேறு யாரோ எழுதிய பழைய ஆய்வேடுதான் வரும், ஊர்ப் பெயர் மாற்றிய பதிப்பு.

முனைவர் பட்டம், அவசியம் என்றால் மட்டும்

எம்.ஏ. ஆய்வேடு முடிந்ததும் இன்னும் கேள்வி மிச்சம் இருந்தால் போங்கள். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வேண்டும் என்பதற்காகப் போனால் நான்காம் வருஷத்தில் தன்னையே திட்டிக்கொள்வீர்கள்.

2022 விதிமுறைப்படி குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. மறுபதிவில் இன்னும் 2 வருஷம் நீட்டலாம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருஷம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. தொலைநிலையில் முனைவர் பட்டம் கிடையாது, பகுதிநேரம் உண்டு. பகுதிநேரத்துக்கு உங்கள் அலுவலகம் தர வேண்டிய தடையின்மைச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் வேலை, தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிப்பது. மூன்றாவதை எழுதித் தர எழுத்தர் தயங்குவார். விதிமுறையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது சம்பந்தம் பேசுவது மாதிரிதான், நாலு பேரிடம் விசாரிக்காமல் முடிவு செய்யக் கூடாது. ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரை நெறிப்படுத்தலாம் என்பது உச்சவரம்பு, இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. நீங்கள் பார்த்து வைத்த நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களைத் தனியாகப் பார்த்து ஒன்று மட்டும் கேளுங்கள்: எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? நான் முதலில் பார்த்தவரின் மாணவி இதற்குப் பதில் சொல்லாமல், "மேடம் வீட்டு விசேஷத்துக்கு நாங்கதான் பந்தி பரிமாறினோம்" என்றார். நான் வேறு ஆளைத் தேடினேன்.

பட்டம் வந்த பிறகு

சான்றிதழ் வந்ததும் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள், பதிந்த பக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஆசிரியர் அறையில் 'ஆய்வு என்ன சொல்லுதுன்னா' என்று தொடங்கினால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நியூமன், லூயிஸ் எல்லாம் சொல்லவில்லை. கோலிக் கணக்கைப் பலகையில் எழுதி, நாளைக்கு உங்கள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள், 31 என்று எழுதும் ஒரு பிள்ளையிடம் அந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த வாரம் மூன்று பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர், என்னைவிட எட்டு வருஷம் மூத்தவர், கொஞ்ச நேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, "டீச்சர், நானும் அதே கட்டத்தைத்தான் போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.